‘விலைபோன ஊடகம்’னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. திட்டணும்னா படிச்சு முடிச்சிட்டு திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

நான் நம்ம கட்சியோட தகவல் தொழில்நுட்ப அணியில ஒரு தன்னார்வலர். 2021-ல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும்போது சேர்ந்தேன். காலேஜ் மூடியிருந்தது, கிளாஸ் எல்லாம் லேப்டாப்ல. கையில நேரம் இருந்தது, மனசுல கோபம் இருந்தது. அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் அதிகமா டைப் பண்ண வார்த்தை எதுன்னு கேட்டா, ‘விலைபோன ஊடகம்’தான்.

நம்ம தலைவர்கிட்ட ஒரு நிருபர் சங்கடமான கேள்வி கேட்டாரா? விலைபோன ஊடகம். நம்ம கூட்டத்தை ரெண்டு நிமிஷம் கம்மியா காட்டினாங்களா? விலைபோன ஊடகம். நாம போட்ட கார்டு தப்புன்னு யாராவது உண்மை சரிபார்ப்பு போட்டாங்களா? அதுவும் விலைபோன ஊடகம்தான். ‘வி’ன்னு தட்டினாலே என் போன் மீதியைத் தானா எழுதிக் கொடுக்கும்.

ஊடகங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. அவங்க மேல எனக்கும் நிறைய குறை இருக்கு, கீழே சொல்றேன். ஆனா ஊரே மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கும்போது தேர்தலும் சேர்ந்து வந்தா, செய்தியாளர் செய்ய வேண்டியது என்ன, நாம செய்யக் கூடாதது என்ன? இதை 2021 எனக்கு அடிச்சுச் சொல்லிக் கொடுத்துச்சு. அதை நம்ம தோழர்களோட பகிர்ந்துக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த 65 நாட்கள்

முதல்ல அந்தக் காலத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கலாம். 2021 பிப்ரவரி 26 அன்று தமிழ்நாட்டுக்குத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. அன்று மாநிலத்தில் ஒரு நாள் கொரோனா தொற்று 500-க்கும் கீழே. ‘கொரோனா முடிஞ்சு போச்சுப்பா’ன்னு டீக்கடையில பேசிக்கிட்டு இருந்த நேரம். ஏப்ரல் 6, 234 தொகுதிக்கும் ஒரே நாள்ல வாக்குப்பதிவு. அன்று தொற்று 3,600-ஐத் தாண்டியது. மே 2 வாக்கு எண்ணிக்கை. அன்று 20,000-ஐத் தாண்டியது. மே 21-ல் 36,184. அதுதான் உச்சம்.

தேர்தல் ஆணையம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல முடியாது. ஒரு வாக்குச்சாவடிக்கு ஆயிரம் வாக்காளர்னு குறைச்சதால, சாவடிகளோட எண்ணிக்கை 88,000-ஐத் தாண்டியது. வாக்குப்பதிவு நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டினாங்க. கடைசி ஒரு மணி நேரம் தொற்று இருக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கினாங்க. அவங்க கவச உடை போட்டுக்கிட்டு வந்து ஓட்டுப் போட்டாங்க. சாவடி வாசல்ல கையுறையும் சானிடைசரும் கொடுத்தாங்க.

பிரச்சினை சாவடியில இல்ல, அதுக்கு முன்னாடி நடந்த ஒரு மாசப் பிரச்சாரத்துல. எல்லாக் கட்சியும் கூட்டம் கூட்டுச்சு. எல்லாக் கட்சியும்னா, நம்ம கட்சியும்தான். வேன் மேல நின்னு கையசைச்ச தலைவர்களைச் சுத்தி மாஸ்க் இல்லாத முகங்கள். அந்த போட்டோவை ஃபில்டர் போட்டு அழகாக்கி, ‘மக்கள் வெள்ளம்’னு எழுதி அப்லோட் பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன்.

கேமரா எதைக் காட்டுச்சு?

ஊடகங்கள் மேல எனக்கு இருக்கிற முதல் குறை இங்கதான். அந்த மார்ச் மாசம் முழுக்க டிவியைப் போட்டா ட்ரோன் ஷாட். யாருக்குக் கூட்டம் அதிகம், யார் வேனுக்குப் பின்னாடி எத்தனை வண்டி, யார் பேச்சுக்கு எவ்வளவு கைதட்டல். ராத்திரி விவாதத்துல கூட்டணிக் கணக்கு. அன்னிக்கு எத்தனை பேருக்குத் தொற்றுங்கிறது கீழே ஓடுற சின்ன எழுத்துல, நகைக்கடை விளம்பரத்துக்கும் தங்கம் விலைக்கும் நடுவுல ஓடிப் போயிடும்.

மேல ஓடின படமும் உண்மை, கீழ ஓடின எண்ணும் உண்மை. ஆனா ரெண்டையும் சேர்த்துப் பார்க்க வைக்கிறதுதானே செய்தியாளர் வேலை? ‘ஐயா, உங்க கூட்டத்துல ஏன் யாருமே மாஸ்க் போடல?’ன்னு மேடைக்குப் பக்கத்துல நின்ன நிருபர் எத்தனை பேர் கேட்டாங்க? கேட்டவங்க இருந்தாங்க. ஆனா ரொம்பக் கம்மி. அப்படிக் கேட்டவங்களை ஒவ்வொரு கட்சியோட ஐ.டி. விங்கும் என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேள்வி கேட்டா திட்டு விழும், ட்ரோன் ஷாட் போட்டா ஷேர் விழும். அப்புறம் சேனல் எதைப் போடும்? அந்த மார்ச் மாசச் செய்தியைக் கெடுத்ததுல நம்ம பங்கும் இருக்கு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். தேர்தல் நடந்ததாலதான் ரெண்டாவது அலை வந்ததுன்னு ஒரே வரியில முடிக்கிறதும் சரியில்ல. அந்த நேரத்துல தேர்தலே இல்லாத மகாராஷ்டிராவும் டெல்லியும் நம்மை விட முன்னாடியே பத்திக்கிச்சு. வேகமாப் பரவுற புது வகை வைரஸ் வந்திருந்தது. கூட்டம் அதுக்கு எண்ணெய் ஊத்துச்சு. நெருப்பையும் எண்ணெயையும் தனித்தனியாச் சொன்ன செய்தியாளர்கள் சிலர் இருந்தாங்க. அவங்க எழுதினது வைரல் ஆகல. ‘எல்லாத்துக்கும் இவங்கதான் காரணம்’னு சொன்னதுதான் வைரல் ஆச்சு.

நான் போட்ட கொலை வழக்குக் கார்டு

ஏப்ரல் 26. சென்னை உயர் நீதிமன்றத்தில் கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கை ஏற்பாடு பற்றி ஒரு வழக்கு. அந்தத் தொகுதியில் 77 வேட்பாளர்கள். அத்தனை முகவர்களும் ஒரே கூடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. தலைமை நீதிபதி சஞ்ஜீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு. விசாரணையின்போது, இந்த இரண்டாவது அலைக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்குப் போட்டாலும் தகும் என்ற பொருளில் நீதிபதிகள் வாய்மொழியாகக் கடிந்துகொண்டார்கள்.

செய்தி வந்து பத்தே நிமிஷம். நான் கார்டு ரெடி பண்ணிட்டேன். சிவப்பு பேக்கிரவுண்ட், பெரிய எழுத்து: ‘தேர்தல் ஆணையம் மீது கொலை வழக்கு! நீதிமன்றம் அதிரடி உத்தரவு!’ நான் அதுவரைக்கும் பண்ண கார்டுலேயே அதிகமா ஷேர் ஆனது அதுதான்.

ஆனா அப்படி ஒரு உத்தரவே கிடையாது. நீதிபதிகள் வாயால சொன்னது ஒரு கண்டனம். எழுத்துல வந்த உத்தரவுல அந்த வார்த்தை இல்ல. வாய்மொழிக் கருத்து வேற, உத்தரவு வேற. நீதிமன்ற நிருபர் ஒருத்தர் அன்னிக்கு சாயங்காலமே இதைத் தெளிவா எழுதியிருந்தார். நான் அவரையும் ‘விலைபோன ஊடகம்’னு எழுதினேன். உண்மையைச் சொல்றேன், அவர் எழுதினதை முழுசாப் படிக்கக்கூட இல்ல.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்வதை ஊடகங்கள் செய்தியாக்கக் கூடாது என்று தடை கேட்டு ஆணையம் நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மே 6 அன்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பு சொன்னது. உயர் நீதிமன்றத்தின் வார்த்தைகள் கடுமையானவை, அந்த உவமை பொருத்தமில்லாதது என்று சொன்ன அதே அமர்வு, நீதிமன்றத்தில் நடப்பதைச் செய்தியாக்கும் உரிமையை ஊடகங்களிடமிருந்து பறிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு அந்தத் தடை கிடைச்சிருந்தா, நாளைக்கு எந்த நீதிமன்றத்துல எந்த அதிகாரியை நீதிபதி என்ன கேள்வி கேட்டாலும் நமக்குத் தெரியாது. எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் தெரியாது. அந்த ஜன்னலைத் திறந்து வெச்சது, நீதிமன்றத்துல உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையா குறிச்சுக்கிட்டிருந்த நிருபர்களோட வேலை. என்னோட சிவப்புக் கார்டு மாதிரி பொய்கள்தான் ‘பாத்தீங்களா, இதனாலதான் தடை வேணும்’னு கேக்கிறவங்களுக்கு வசதி.

பெரியப்பா

இப்போ சொல்லப் போறதை இதுவரைக்கும் வீட்டுல கூட முழுசாச் சொன்னதில்ல.

ஏப்ரல் 15, நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கிட்டார். பத்திரிகையாளர்கள் முன்னாடி நின்னு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை போயிட்டார். மருத்துவர்கள் பேட்டி கொடுத்தாங்க: இதயத்தோட முக்கியமான ரத்தக் குழாய்ல முழு அடைப்பு, இதுக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தம் இல்லைன்னு. பின்னாடி மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ஞ்சு, தடுப்பூசி காரணம் இல்லைன்னுதான் சொன்னது.

ஆனா அன்னிக்கு யூடியூப்பைத் திறந்தா என்ன இருந்தது? ‘தடுப்பூசி போட்ட மறுநாளே மாரடைப்பு… நடந்தது என்ன?’ இந்தத் தலைப்புல எந்த வார்த்தை பொய்? தடுப்பூசி போட்டது உண்மை. மறுநாள்ங்கிறது உண்மை. மாரடைப்பு உண்மை. கடைசியில ஒரு கேள்விக்குறி, அது பாதுகாப்புக்கு. வார்த்தை ஒவ்வொண்ணும் உண்மை, சேர்த்துப் படிச்சா பொய். இதை எழுதினவருக்கு அது தெரியும். மருத்துவர்கள் பேட்டியை முழுசா நேரலையில காட்டின சேனல்களும் இருந்துச்சு. ஆனா அரை மணி நேரப் பேட்டியை யார் ஃபார்வேர்டு பண்ணுவா?

நான் அந்தத் தலைப்பு வெச்ச ஒரு வீடியோவை எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். கீழே ‘யோசிக்க வேண்டிய விஷயம்’னு எழுதினேன். அவ்வளவுதான். எனக்குத் தடுப்பூசி மேல சந்தேகம் எல்லாம் கிடையாது. அன்னிக்கு அரசாங்கத்து மேல கோபம். அந்தக் கோபத்துக்கு அந்த வீடியோ வசதியா இருந்தது.

செய்யாறு பக்கம் எங்க பெரியப்பா இருக்கார். அப்போ 56 வயசு, சர்க்கரை உண்டு. 45 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஏப்ரல் 1-லேருந்து தடுப்பூசி போட ஆரம்பிச்சிருந்தாங்க. அவரும் அந்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறதா இருந்தார். போகல. மே மாசம் ரெண்டாவது வாரம் காய்ச்சல். ஆக்சிஜன் அளவு 86. பெட் தேடி நாங்க அலைஞ்ச அலைச்சலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. உங்கள்ல பாதிப் பேர் அதே ராத்திரிகள்ல அதே மாதிரி அலைஞ்சவங்கதான். பதினெட்டு நாள் ஆக்சிஜன்ல இருந்தார். பிழைச்சு வந்தார்.

வீட்டுக்கு வந்த அப்புறம் பார்க்கப் போனேன். திண்ணையில உட்கார்ந்திருந்தார். கிணத்தடி வரைக்கும் நடந்தா மூச்சு வாங்குது. ‘ஏன் பெரியப்பா ஊசி போட்டுக்கல?’ன்னு நான்தான் கேட்டேன். எதுவுமே நடக்காத மாதிரி. அவர் சொன்னார்: ‘நீதானேப்பா அந்த வீடியோ அனுப்பின? நீ படிச்ச புள்ள. நீ அனுப்பினா விசாரிச்சுத்தான் அனுப்பியிருப்பேன்னு நினைச்சேன்.’

அவர் குரல்ல கோபமே இல்ல. அதுதான் இன்னும் தூங்க விடல.

அவர் ஊசி போட்டிருந்தா தொற்றே வந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு டோஸ் போட்ட கொஞ்ச நாள்ல அது எவ்வளவு காப்பாத்தியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அவர் நம்பினது சுகாதாரத் துறையை இல்ல, டிவியை இல்ல, பேப்பரை இல்ல. என்னை. எந்தச் சேனலுக்கும் கிடைக்காத நம்பிக்கை எனக்குக் கிடைச்சது, சொந்தக்காரப் பையன்ங்கிறதால. நான் அதை என்ன பண்ணேன் பாருங்க.

நான் படிச்ச படிப்புல ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. டெஸ்ட் பண்ணாத கோடை நேரா மக்கள் பயன்படுத்துற சர்வர்ல ஏத்தாதே. ஏத்தி ஏதாவது உடைஞ்சா பழைய பதிப்புக்குத் திரும்ப வழி வெச்சுக்கோ. ஃபார்வேர்டுக்கு அந்த வழி கிடையாது. ‘எல்லோருக்கும் நீக்கு’ பட்டன் நம்ம போனிலிருந்து போன மெசேஜைத்தான் அழிக்கும், அவங்க மனசுல உட்கார்ந்ததை அழிக்காது.

போய் எண்ணினவங்க

சரி, அந்த நேரத்துல நல்லா வேலை செஞ்ச செய்தியாளர்கள் என்ன பண்ணாங்க? அவங்க போய் எண்ணினாங்க.

2020 ஜூன்ல சென்னையில ஒரு விஷயம் வெளியே வந்தது. மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கிற கொரோனா மரணங்கள் பல, மாநில அரசோட கணக்குல இல்ல. ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்த செய்தியாளர்களும் சமூக ஆர்வலர்களும் இதைக் கேள்வியாக்கினாங்க. அரசு ஒரு குழு அமைச்சது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. 444 குடும்பம் தோழர்களே. கணக்குல இல்லாத மரணம்னா அந்தக் குடும்பத்துக்கு நிவாரணமும் இல்ல, அந்தத் தெருவுக்கு எச்சரிக்கையும் இல்ல.

2021-ல குஜராத்ல அங்குள்ள மொழிப் பத்திரிகைக்காரங்க சுடுகாட்டு வாசல்லயும் பிணவறை வாசல்லயும் நின்னு எண்ணினாங்க. திவ்ய பாஸ்கர் நாளிதழ் இறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தது. மார்ச் 1 முதல் மே 10 வரை சுமார் 1.23 லட்சம் சான்றிதழ். முந்தைய வருஷம் அதே நாட்கள்ல சுமார் 58,000. அரசு சொன்ன கொரோனா மரணமோ அந்தக் காலத்துல சில ஆயிரம்தான். கூடுதலா இறந்த எல்லாருக்கும் கொரோனாதான்னு அர்த்தம் இல்ல. ஆனா அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு யாராலயும் கேள்வி கேக்காம இருக்க முடியல.

இப்போ இதைக் கேளுங்க. அதே பாஸ்கர் குழுமத்தோட இந்தி நாளிதழ்தான் தைனிக் பாஸ்கர். 2023 மார்ச்ல தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடிச்சுக் கொல்லப்படறாங்கன்னு ஒரு புரளி கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா? அப்போ தப்பான செய்தி பரப்பினதா அந்த நாளிதழ் ஆசிரியர் மேல திருப்பூர்ல நம்ம போலீஸ் வழக்குப் போட்டாங்க. ஆதாரம்னு சுத்தின வீடியோக்கள் பத்தி அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வெளிப்படையா சொன்னார்: ஒண்ணு பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொண்ணு உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த தகராறு. பீகார்லேருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. அதுக்குள்ள பயந்து போய் ரயில் ஏறின தொழிலாளிகளுக்கு யார் பதில் சொல்றது?

ஒரே குழுமம். ஒரு தடவை சான்றிதழை எண்ணி ஒரு அரசாங்கத்தையே பதில் சொல்ல வெச்சது. இன்னொரு தடவை ஒரு மாநிலத்து மேல விழுந்த புரளியில சிக்குச்சு. அப்போ ‘நல்ல ஊடகம்’, ‘கெட்ட ஊடகம்’னு லோகோவைப் பார்த்துப் பிரிக்க முடியுமா? முடியாது. செய்தியைப் பார்த்துத்தான் பிரிக்கணும். இதுக்காக யாராவது நேர்ல போனாங்களா? எண்ணினாங்களா? எதிர்த்தரப்பைக் கேட்டாங்களா? தப்புன்னா திருத்தினாங்களா? இந்த நாலு கேள்விதான் அளவுகோல்.

‘வதந்தி’ங்கிற வார்த்தையும் ஒரு ஆயுதம்

பொய்ச் செய்தியை ஒழிக்கணும்னா அரசாங்கத்துக்கிட்ட அதிகாரத்தைக் கொடுத்துட்டா போதும்னு சில தோழர்கள் சொல்றாங்க. கொஞ்சம் நிதானம்.

2020 மார்ச்ல புலம்பெயர் தொழிலாளர்கள் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊருக்குப் போனாங்களே, அதுக்குக் காரணம் ஊரடங்கு மூணு மாசம் நீடிக்கும்னு பரவின பொய்ச் செய்திதான்னு மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல சொன்னது. அரசுகிட்ட சரிபார்க்காம எந்த ஊடகமும் கொரோனா செய்தி போடக் கூடாதுன்னும் கேட்டது. அப்படி ஒரு முன் அனுமதியை நீதிமன்றம் கொடுக்கல. அரசு சொல்ற தகவலையும் சேர்த்து வெளியிடுங்கன்னு மட்டும் சொன்னது. வேலை இல்ல, வாடகை இல்ல, சாப்பாடு இல்லைன்னு நடந்த ஜனங்களோட பசியை ‘வதந்தி’ன்னு ஒரு வார்த்தையில மூடப் பார்த்தாங்க.

2021 ஏப்ரல்லயும் அதே கதை. ஆக்சிஜன் இல்லைன்னு சமூக வலைதளத்துல கதறினவங்க மேல நடவடிக்கைன்னு சில இடங்கள்ல மிரட்டல். ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது: உதவி கேட்டு மக்கள் போடுற பதிவை வதந்தின்னு சொல்லி ஒடுக்கினா அது நீதிமன்ற அவமதிப்பு. அரசாங்கத்துக்குப் பிடிக்காத உண்மையும் வதந்திதான், நமக்குப் பிடிச்ச பொய்யும் செய்திதான்னு ஆயிட்டா, கடைசியில மிஞ்சறது யார் கை ஓங்கியிருக்குங்கிறது மட்டும்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கும் இது பொருந்தும்.

நாம நல்லா செஞ்ச வேலையும் உண்டு

பெரியப்பா ஆஸ்பத்திரியில இருந்த அந்த மே மாசம்தான் நான் உருப்படியா ஒரு வேலை செஞ்சேன். பெட், ஆக்சிஜன், ரெம்டெசிவிர்னு குரூப் குரூப்பா நம்பர் லிஸ்ட் சுத்திச்சு. முக்கால்வாசி வேலை செய்யாத நம்பர். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறுற அப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒருத்தர் இருபது செத்த நம்பருக்கு போன் பண்றது எவ்வளவு கொடுமைன்னு எனக்கு அப்போ நேரடியாத் தெரியும்.

நம்ம அணித் தோழர்கள் சில பேர் ஒரு முடிவுக்கு வந்தோம். போன் பண்ணிப் பேசி உறுதி பண்ணாத எந்த நம்பரையும் நாம போட மாட்டோம். பேசின நேரத்தைப் பக்கத்துல எழுதுவோம்: ‘காலை 10.30-க்குப் பேசினோம், இருக்கு.’ தீர்ந்து போச்சுன்னா பழைய பதிவுலேயே ‘இப்போ இல்லை’ன்னு மாத்துவோம். கட்சிக் கொடி இல்ல, தலைவர் படம் இல்ல. லைக் வரல. ஆனா ‘அண்ணா, கிடைச்சிருச்சு’ன்னு மெசேஜ் வந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இதைத்தானே ஒரு நல்ல நிருபர் தினமும் செய்யறார்? கேட்கிறது, உறுதி பண்றது, நேரம் குறிக்கிறது, மாறினா மாத்துறது. அந்த மாசம் மருத்துவமனை வாசல்லயும் சுடுகாட்டு வாசல்லயும் நின்னு அதே வேலையைப் பார்த்த பத்திரிகையாளர்கள் பல பேர் தொற்று வந்து செத்தே போனாங்க. மே 4-ல தான் தமிழ்நாட்டில் அவங்களை முன்களப் பணியாளர்கள்னு அறிவிச்சாங்க. அவங்களையும் சேர்த்துத்தான் நான் விலைபோனவங்கன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்.

ஊடக நண்பர்கள்கிட்ட கேக்கிறது

உரிமையோட சில விஷயம் கேக்கிறோம். கூட்டத்தைக் காட்டுங்க, ஆனா நெருக்கடி நேரத்துல அன்னிக்கு உள்ள தொற்று எண்ணிக்கையையோ வெள்ள அபாய அளவையோ அதே திரையில அதே அளவுல காட்டுங்க. நீதிபதி சொன்னதுக்கும் நீதிமன்றம் எழுதினதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைப்புலேயே சொல்லுங்க. கேள்விக்குறி போட்டுத் தப்பிக்காதீங்க. பதில் தெரியலைன்னா கேள்வியைத் தம்ப்னெயில்ல போடாதீங்க. ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் மறுத்தார்’னு நிறுத்தாதீங்க, ஆஸ்பத்திரியில பெட் இருக்கா இல்லையாங்கிறது கருத்து இல்ல, போய்ப் பார்த்துச் சொல்லக் கூடிய விஷயம். தப்பு வந்தா, தப்பு வந்த அதே இடத்துல, அதே எழுத்து அளவுல திருத்தம் போடுங்க. எங்க கட்சி பண்ற தப்பையும் இதே மாதிரி கேளுங்க. வலிக்கும், ஆனா கேளுங்க.

நமக்கு நாமே போட்டுக்க வேண்டிய விதி

தோழர்களே, ஊடகத்துக்கு சொல்ற நியாயம் நமக்கும்தான். இதை நான் அணிக் கூட்டத்துலயும் சொன்னேன். சில பேர் முறைச்சாங்க, பரவாயில்ல.

1. எந்தக் கார்டு போடுறதா இருந்தாலும் மூணு கேள்வி: யார் சொன்னது? எந்த ஊர்? எந்தத் தேதி? மூணுக்கும் பதில் இல்லைன்னா கார்டு இல்லை.

2. நம்ம கார்டு தப்புன்னு தெரிஞ்சா சத்தமில்லாம டிலீட் பண்ணக் கூடாது. அதே டிசைன்ல, அதே அளவுல திருத்தக் கார்டு. நான் கொலை வழக்குக் கார்டை அப்போ சத்தமில்லாமத்தான் அழிச்சேன். இந்தப் பதிவுதான் அதுக்கான திருத்தம். ரொம்பத் தாமதம், தெரியும்.

3. வெள்ளம், புயல், தொற்று வந்தா முதல்ல உதவி எண்கள், அப்புறம் அரசியல். உதவி எண்ணுல கட்சி பார்க்கக் கூடாது.

4. நிருபரோட செய்தியை விமர்சிக்கலாம், கிழிச்சுத் தொங்க விடலாம். அவங்க வீட்டை, குடும்பத்தைத் தொடக் கூடாது. முக்கியமா பெண் நிருபர்களை அசிங்கமா எழுதுறவன் நம்ம கொடி பிடிச்சிருந்தாலும் நம்ம தோழர் கிடையாது.

5. ‘விலைபோன ஊடகம்’னு எழுதறதுக்கு முன்னாடி அந்தச் செய்தியை முழுசாப் படிங்க. படிச்ச அப்புறமும் தப்புன்னு தோணுச்சுன்னா, எந்த வரி தப்பு, ஏன் தப்புன்னு எழுதுங்க. அதுக்குப் பேர்தான் பதிலடி.

எதிர்க்கட்சி ஐ.டி. விங் இதெல்லாம் பார்க்கிறானா, நாம மட்டும் ஏன் கையைக் கட்டிக்கணும்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான்: அவன் அனுப்புற பொய்யை நம்ம பெரியப்பா நம்ப மாட்டார். நாம அனுப்புற பொய்யைத்தான் நம்புவார். பொய் முதல்ல அடிக்கிறது நம்மை நம்புற ஜனங்களைத்தான்.

பெரியப்பா இப்போ நல்லா இருக்கார். சைக்கிளை வித்துட்டார், கழனிக்கு யாராவது வண்டியில கூட்டிட்டுப் போகணும். போன மாசம் ஊருக்குப் போனப்போ போனை நீட்டினார். ஏதோ ஒரு ஃபார்வேர்டு. ‘இது உண்மையாப்பா?’ன்னு கேட்டார். அவ்வளவுக்கு அப்புறமும் என்கிட்டதான் கேட்டார்.

‘தெரியல பெரியப்பா. விசாரிச்சுட்டு சொல்றேன்’னு சொன்னேன். ரெண்டு இடத்துக்கு போன் பண்ணி விசாரிச்சுட்டு, மறுநாள் காலையில சொன்னேன்.

பிடிச்சிருந்தா பகிருங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிச்சிருங்க.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#விசாரிச்சுட்டு_பகிர்வோம்